நைஸ் என்ற சொல்லின் பின்னால் போவது எப்படி

சமையல் குறிப்புகளுக்கு மெய்ப்பு பார்ப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். மாதத்துக்கு முப்பது குறிப்பாவது மேசைக்கு வரும். அதில் பாதியில் ‘நைஸாக அரைக்கவும்’ என்று இருக்கும். தேங்காய், சோம்பு, பச்சை மிளகாய் சேர்த்து நைஸாக அரைக்கவும். உளுந்தை நைஸாக அரைக்கவும். ‘மைய அரைக்கவும்’ என்று மாற்றலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு பலமுறை நின்றிருக்கிறேன்.

போன மே மாதம் அண்ணன் மகள் விடுமுறைக்கு ஈரோட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஒரு நாள் காலையில் கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் விரலில் மாவைத் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் நைஸா ஆகணும்” என்றேன். அவள் பக்கத்தில் வந்து நின்று, “அத்தை, நைஸ்னா நல்லதுன்னுதானே அர்த்தம்? மாவு எப்படி நைஸ் ஆகும்? நல்ல மாவு ஆகணும்னா சொல்றீங்க?” என்று கேட்டாள்.

சரியான கேள்வி. அதற்கு விடை தேடி ஒரு வாரம் போனது. அந்த வாரத்தில் நாங்கள் என்ன செய்தோமோ அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன். வேறு எந்த ஆங்கிலச் சொல்லையும் இதே வழியில் நீங்கள் தேடிப் போகலாம்.

இந்தத் தேடலில் எனக்கு அக்கறை வந்ததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சட்டக் கட்டுரைத் தொகுப்பின் மொழிபெயர்ப்பு என்னிடம் வந்தது. மூலத்தில் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று இருந்த இடத்தில் ‘அழகான வேறுபாடு’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். நான் மூலத்தையும் பார்த்தேன், தமிழையும் பார்த்தேன், சரி என்று விட்டுவிட்டேன். புத்தகம் அச்சாகி வந்த பிறகு கட்டுரையாசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற வழக்கறிஞர். கோபப்படவில்லை. “அம்மா, அது அழகான வேறுபாடு இல்லீங்க, நூலிழை வேறுபாடு. அந்த நூலிழையிலதான் வழக்கே நிக்குது” என்றார். நன்றாகத் தெரியும் என்று நினைத்த சொல்லை அன்றைக்கு நான் அகராதியில் பார்க்கவே இல்லை. தெரியாத சொல்லை யாரும் தேடிப் பார்த்துவிடுவோம். தெரிந்த சொல்தான் கைவிடும்.

முதல் வேலை, அகராதியைத் திறக்காமல் இருப்பது. ஆமாம், முதலில் அகராதி வேண்டாம். அந்தச் சொல்லை நீங்களும் உங்களைச் சுற்றி இருப்பவர்களும் எப்படிச் சொல்கிறீர்கள் என்று சீட்டுகளில் எழுதுங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு வாக்கியம். நாங்கள் பழைய மெய்ப்புத் தாள்களை அஞ்சலட்டை அளவுக்கு வெட்டி, பின்பக்கத்தில் எழுதினோம். இரண்டே நாளில் சேர்ந்தவற்றில் சில: ‘மாவு நைஸா இருக்கு.’ ‘காசு கேட்கும்போது நைஸா நழுவிட்டான்.’ ‘நைஸா பேசி காரியத்தைச் சாதிச்சுட்டா.’ ஜவுளிக்கடைக்காரர் சொன்னது, ‘இது நைஸ் துணிங்க, தொட்டுப் பாருங்க.’ அப்புறம் ஆங்கில வாக்கியங்கள்: ‘நைஸ் டு மீட் யூ’, ‘ஹேவ் எ நைஸ் டே’, வழக்கறிஞரின் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’.

மேசையில் சீட்டுகளைப் பரப்பிப் பார்த்தால் ஒன்று உடனே கண்ணில் படும். நல்லது, இனியது என்ற பொருள் இரண்டு மூன்று சீட்டுக்குத்தான் பொருந்துகிறது. மாவு, துணி, நழுவல், சட்டம் எல்லாம் வெளியே நிற்கின்றன. இப்படி ஒரு பொருளில் அடங்காமல் நிற்கும் சீட்டுகள்தான் முக்கியம். அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இந்தச் சீட்டு முறை நான் கண்டுபிடித்ததல்ல. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி எழுந்ததே இப்படித்தான். ஏற்கெனவே இருந்த அகராதிகள் போதாது என்ற பேச்சு லண்டன் மொழியியல் சங்கத்தில் 1857இல் தொடங்கியது. முதல் பகுதி 1884இல் வந்தது. கடைசிப் பகுதி வந்தபோது 1928 ஆகிவிட்டது. 1879இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஊர் ஊராகத் தன்னார்வ வாசகர்கள் அனுப்பிய சீட்டுகளை அதில் அடுக்கி வைத்துத்தான் வேலை பார்த்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல், அது வந்த வாக்கியம், எந்த நூல், எந்த ஆண்டு. மர்ரே முடிவைப் பார்க்காமலே 1915இல் இறந்துபோனார். அந்தச் சீட்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

இரண்டாவது வேலை, அகராதி. இங்கே அவசரம் கூடாது. அகராதியில் முதலில் கொடுத்திருக்கும் பொருள்தான் பழைய பொருள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மாணவர்களுக்கான அகராதிகள் இன்று அதிகம் புழங்கும் பொருளை முதலில் தரும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்கும். மெரியம் வெப்ஸ்டரும் அப்படித்தான். உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று முன்னுரையில் போட்டிருப்பார்கள். யாரும் படிக்காத அந்த முன்னுரையைப் படியுங்கள்.

காசு செலவில்லாமல் தேட வேண்டுமானால் டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் எட்டிமான்லைன் என்ற இணையச் சொற்பிறப்பு அகராதி நல்ல தொடக்கம். பழைய ஆங்கிலத்துக்கும் இன்றைய ஆங்கிலத்துக்கும் நடுவில் உள்ள காலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நடுக்கால ஆங்கில அகராதி இருக்கிறது, அதுவும் இலவசம். சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியும் இணையத்தில் கிடைக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குச் சந்தா வேண்டும். கல்லூரி நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பதிவின் தொடக்கத்தில் அடைப்புக்குள் சில குறிகள் இருக்கும். இடப்பக்கம் பார்த்த அம்பு போன்ற குறி, ‘இதிலிருந்து வந்தது’ என்பதைக் காட்டும். ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைத்ததில்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்தது என்று பொருள். கேள்விக்குறி இருந்தால் அது ஊகம். நட்சத்திரத்தையும் கேள்விக்குறியையும் விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் ஊகம் உண்மையாகிவிடும். நிறைய தவறுகள் இப்படித்தான் பரவுகின்றன. ஆண்டு போட்டிருந்தால் அது சொல் பிறந்த ஆண்டல்ல, எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றின் ஆண்டு. பேச்சில் அதற்கு முன்பே இருந்திருக்கும்.

நைஸுக்கு வருவோம். லத்தீனில் ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். அதற்கு முன்னால் இல்லை என்ற பொருள் தரும் ‘நெ’ சேர்ந்தால் ‘நெஸ்கியுஸ்’, அதாவது அறியாதவன். இது பழைய பிரெஞ்சில் தேய்ந்து ‘நீஸெ’ போல ஒலித்தது. முட்டாள், பேதை என்பது பொருள். 1300ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதே பொருள்தான். அண்ணன் மகள் இதை வாசித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ‘யூ ஆர் ஸோ நைஸ்’ என்று அவளிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

அகராதி தருவது சுருக்கம். அதோடு நிறுத்திவிட்டால் ‘நைஸ் என்றால் உண்மையில் முட்டாள் என்று அர்த்தம்’ என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவோம். அது தவறு. இன்றைக்கு நைஸ் என்றால் முட்டாள் இல்லை. மூலத்தில் இருந்த பொருள் மட்டும்தான் மெய்யான பொருள் என்றால், ‘நாற்றம்’ என்ற சொல்லை நாம் என்ன செய்வது? ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் வெண்சங்கிடம் கேட்கிறாள். திருமால் வாயில் கற்பூர மணமா, தாமரை மணமா என்று ஆசையாகக் கேட்கிற கேள்வி. அதே சொல்லை இன்று யார் வாயைப் பற்றியும் நாம் சொல்ல மாட்டோம். மணம் என்ற பொருளும் மெய், இன்றைய பொருளும் மெய். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் சொல்லின் வரலாறு.

அதனால் மூன்றாவது வேலை, காலவரிசையில் வாக்கியங்களைத் தேடுவது. நேரம் அதிகம் பிடிப்பதும் மகிழ்ச்சி அதிகம் தருவதும் இதுதான். ஒவ்வொரு பழைய வாக்கியத்திலும் இன்றைய பொருளை வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அங்கே வேறு பொருள் வாழ்ந்திருக்கிறது. ஆண்டாள் வரியில் துர்நாற்றத்தை வைத்துப் பார்த்தால் வரி உடைகிறதல்லவா, அது போல.

நாங்கள் முதலில் போனது ஆங்கிலக் கவிஞர் சாஸரிடம். 1380களில் அவர் எழுதிய ‘ட்ராய்லஸ் அண்ட் கிரிசீட்’ காவியத்தில் இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் மொழி மாறுவதைப் பற்றியே சில வரிகள் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளில் பேச்சின் வடிவம் மாறிவிடுகிறது, ஒரு காலத்தில் மதிப்போடு இருந்த சொற்கள் இன்று நமக்குப் பேதைத்தனமாகவும் விநோதமாகவும் தோன்றுகின்றன, ஆனாலும் அவர்கள் அப்படித்தான் பேசினார்கள் என்கிறார். அந்தப் ‘பேதைத்தனம்’ என்ற இடத்தில் சாஸர் போட்டிருக்கும் சொல் நைஸ்! சொற்கள் மாறும் என்று சொல்வதற்கு அவர் எடுத்துக்கொண்ட சொல்லே பிறகு இப்படி மாறிப்போனது. இதை அந்தப் பக்கத்தில் பார்த்த நிமிஷம் எனக்குக் கை சிலிர்த்தது. அண்ணன் மகள் சீட்டை எடுத்து அந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டாள். நாங்கள் சேர்த்ததில் சிறந்த சீட்டு அதுதான்.

அடுத்து ஷேக்ஸ்பியர். ரோமியோ ஜூலியட் நாடகம் 1590களில் எழுதியது. தெருச் சண்டையில் டிபால்ட் இறந்த பிறகு, நடந்ததை பென்வோலியோ இளவரசரிடம் சொல்கிறான். சண்டை எவ்வளவு ‘நைஸ்’ ஆனது என்று யோசித்துப் பார்க்கச் சொல்லி ரோமியோ டிபால்ட்டை வேண்டிக்கொண்டான் என்கிறான். இன்றைய பொருளை வைத்தால், சண்டை எவ்வளவு இனிமையானது என்று ஆகிவிடும். பிணம் கிடக்கும் இடத்தில் அது நிற்காது. அங்கே அற்பமானது, ஒன்றுமில்லாதது என்று பொருள். இதே நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் ரோமியோவுக்குப் போய்ச் சேராத கடிதத்தைப் பற்றி ஃபிரையர் லாரன்ஸ் பதறும்போது, அந்தக் கடிதம் நைஸ் இல்லை, மிக முக்கியமானது என்கிறார். ‘நைஸ் இல்லை’ என்றால் முக்கியம்! ஒரே நாடகத்தில் இரண்டு சான்று கிடைத்தால் நம்பிக்கை வரும். ஒன்று மட்டும் கிடைத்தால் இன்னொன்று தேடுங்கள்.

முட்டாளிலிருந்து அற்பத்துக்கு வந்தது புரிகிறது. பேதை பேசுவது அற்பமாக இருக்கும். அற்பத்தைப் பெரிதாக எடுத்து நோண்டுகிறவன், சின்னக் குறைக்கும் முகம் சுளிக்கிறவன் என்றும் இந்தச் சொல் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பொருள்பட்டது. பிறகு மென்மையானது, தொட்டால் கெடுவது. 16ஆம் நூற்றாண்டில் துல்லியமானது, நுணுக்கமானது. நுணுக்கம் பார்க்கிறவனிடம் ரசனை இருக்கிறது என்று எண்ணம் திரும்பும்போது சொல் மேலே ஏறத் தொடங்குகிறது. வழக்கறிஞரின் நூலிழை வேறுபாடு இந்தத் துல்லியப் படியில் தங்கிவிட்ட சொல். ஜான்சன் 1755இல் இதற்குப் பொருள் எழுதியபோது நுட்பமான துல்லியத்தைத்தான் முதலில் வைத்தார். 18ஆம் நூற்றாண்டில் இனியது, மகிழ்ச்சி தருவது என்ற பொருள் பரவி, 19ஆம் நூற்றாண்டில் அன்பானவர், நல்லவர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

இதைப் படிக்கட்டு போல நேராக வரைந்துவிடாதீர்கள். 16, 17ஆம் நூற்றாண்டு வாக்கியங்கள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளை மனதில் வைத்தார் என்று சொல்வது கடினம் என்று ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியே குறிப்பு எழுதியிருக்கிறது. ஒரே காலத்தில் நான்கைந்து பொருள்கள் சேர்ந்து வாழ்ந்தன. நாங்கள் முருங்கை மரம் போல வரைந்தோம். ஒரு கிளை ஒடிந்தாலும் பக்கத்தில் இன்னொன்று தழைத்திருக்கும்.

மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில் வாழ்ந்த ஒருவரின் குரல் கிடைத்தால் விடாதீர்கள். நைஸுக்கு அது ஜேன் ஆஸ்டின். 1817இன் கடைசியில், அவர் இறந்து சில மாதங்கள் கழித்து வெளியான ‘நார்த்தேங்கர் ஆபி’ நாவலில், பாத் நகரத்தை ஒட்டிய குன்றில் மூன்று பேர் நடந்துபோகிறார்கள். கேத்தரின் தனக்குப் பிடித்த கதைப் புத்தகத்தை உலகத்திலேயே மிக நைஸான புத்தகம் என்கிறாள். ஹென்ரி, நைஸ் என்றால் நேர்த்தி என்று சொல்ல வருகிறாய் போல, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று சீண்டுகிறான். பிறகு, இன்று நைஸான நாள், நாம் போவது நைஸான நடை, நீங்கள் இருவரும் நைஸான பெண்கள், எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் உதவுகிறது என்கிறான். முன்பு இது நேர்த்திக்கும் நயத்துக்கும் மட்டும் ஆகிவந்த சொல் என்பது அவன் எண்ணம். இளையவள் வாயில் புதுப் பொருள், படித்தவன் மனதில் பழைய பொருள், இரண்டும் ஒரே பாதையில் நடந்துபோகின்றன. எங்கள் வீட்டில் கிரைண்டர் பக்கத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான், ஆனால் எங்கள் வீட்டில் பழைய பொருள் என் வாயில் இருந்தது.

நான்காவது, உறவுக்காரர்களைத் தேடுவது. ஸ்கிரே என்ற அறிதலிலிருந்து வந்தவை ஸைன்ஸ், கான்ஷியன்ஸ், ஆம்னிஷியன்ட். நைஸும் ஸைன்ஸும் ஒரே குடும்பம். உறவு சொல்லும்போது வடிவம், பொருள், வந்த வழி மூன்றும் சேர வேண்டும். நைவ் என்ற சொல்லும் வெகுளியைத்தான் குறிக்கிறது, ஒலியும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது பிறப்பைக் குறிக்கும் ‘நாட்டிவுஸ்’ என்ற லத்தீன் சொல்லின் பிள்ளை. இதற்கும் நைஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஐந்தாவதாக ஒலி. ஒலியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் இதில் தொடங்கி இதிலேயே முடித்துவிடுகிறோம். காதுக்கு ஒன்றாகக் கேட்கிறது, அதனால் ஒன்றுதான் என்று. காது நல்ல சாட்சி இல்லை. சாஸர் காலத்தில் இந்தச் சொல்லை நைஸ் என்று யாரும் சொல்லவில்லை, ‘நீஸெ’ என்றார்கள். 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. ‘ஈ’ மெல்ல ‘ஐ’ ஆனது, ‘ஊ’ மெல்ல ‘அவ்’ ஆனது. ‘ஹூஸ்’ ஹவுஸ் ஆனது அப்போதுதான். எழுத்துக்கூட்டல் பழைய ஒலியோடு அப்படியே தங்கிவிட்டது. பிரான்சின் தெற்குக் கடற்கரையில் இதே எழுத்துகளில் எழுதும் நீஸ் நகரம் இருக்கிறது. அதன் பழைய கிரேக்கப் பெயர் நிகாயா, வெற்றியைக் குறிக்கும் நிகே என்ற சொல்லிலிருந்து வந்தது. எழுத்தும் ஒன்று, ஒரு காலத்து ஒலியும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் உறவே கிடையாது.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. ‘நைய அரைத்தாள்’ என்று தமிழில் சொல்கிறோம். நை என்பது நம் வினைச்சொல். நசுங்குதல், குழைதல், நொந்துபோதல். நைந்த துணி, நையப் புடைத்தல் எல்லாம் அதிலிருந்து வந்தவை. ‘நைஸாக அரை’ என்பது ‘நைய அரை’ என்பதிலிருந்துதான் வந்தது என்று ஒரு சமையல்காரர் என்னிடம் அடித்துச் சொன்னார். அவர் சொன்னதைத் தள்ளிவிடாமல் சோதித்துப் பார்த்தோம். கடைக்காரரின் ‘நைஸ் துணி’ நைந்த துணியா? நைந்த துணி கிழிந்துபோகிற துணி, அதை யாரும் விற்க மாட்டார்கள். நைஸாக நழுவியவன் நைந்தா போனான்? பொருந்தவில்லை. மாவு என்ற ஒரே இடத்தில் மட்டும் இரண்டும் தோள் உரசிக்கொள்கின்றன. ஒரு இடத்தில் பொருந்தி மற்ற இடங்களில் உடைந்தால் அந்த ஊகத்தைக் கைவிட வேண்டும்.

இதைவிடப் பிரபலமானது கேஷ். ‘காசுதான் கேஷ் ஆனது’ என்று கேட்காத தமிழர் இருக்க மாட்டார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. ரொக்கம் என்ற பொருளில் இன்று புழங்குவது, பெட்டியைக் குறிக்கும் லத்தீன் ‘காப்ஸா’ இத்தாலிய, பிரெஞ்சு வழியாக வந்தது. பணப்பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு ஆனது. நமக்கு இது புதிதல்ல. கடையை எடுத்து வைக்கும்போது ‘இன்னைக்கு கல்லா எவ்வளவு?’ என்கிறோம், பெட்டியின் விலையைக் கேட்பதில்லை. இன்னொரு கேஷ், சின்ன நாணயம். இது நம் காசு போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சென்னையில் கும்பெனிக் கணக்கில் 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில் இந்தக் காசுக்குத் தனிப் பதிவு இருக்கிறது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும்போது, நமக்கு உரியதல்லாத ரொக்கக் கேஷுக்குச் சண்டை போட வேண்டாம். உள்ளதைச் சொன்னாலே பெருமை இருக்கிறது.

நியூஸ் என்பது நான்கு திசைகளின் ஆங்கில முதல் எழுத்து என்று எங்கள் பள்ளியில் சொல்லித்தந்தார்கள். அதுவும் இல்லை. நியூ என்பதன் பன்மை, புதியவை. ரேடார், லேசர் போன்றவை முதல் எழுத்துகளைச் சேர்த்துச் செய்தவைதான், ஆனால் அவை 20ஆம் நூற்றாண்டுச் சொற்கள். அதற்கு முந்தைய சொல்லுக்கு யாராவது முதல் எழுத்துக் கதை சொன்னால், அகராதியைப் பார்க்கும் வரை நம்பாதீர்கள்.

ஆறாவது, வீட்டுக்குத் திரும்புவது. தனியாக எடுத்து வைத்த சீட்டுகளை இப்போது மறுபடி பரப்புங்கள். மாவுக்கும் துணிக்கும் நாம் சொல்லும் நைஸ், மென்மை, நுண்மை. இனிமை என்ற கிளையில் இதற்கு இடமில்லை, மென்மையும் துல்லியமும் இருந்த பழைய கிளைக்குப் பக்கத்தில்தான் பொருந்துகிறது. நைஸாக நழுவுவதும் அந்த நுட்பத்தைச் சேர்ந்ததுதான். சத்தமில்லாமல், யார் கண்ணுக்கும் படாமல், நூல் பிடித்தது போல. நைஸாகப் பேசுவதில் இனிமையும் இருக்கிறது, உள்ளே ஒரு கணக்கும் இருக்கிறது. இன்றைக்கு ஆங்கிலேயரிடம் ‘மாவு நைஸ்’ என்றால், மாவு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். விரல் நடுவில் திரிதிரியாக இல்லாமல் வழுக்குகிறது என்று அவருக்குப் புரியாது. அது நம் சமையலறைக்கு மட்டும் சொந்தமான பொருள். கடன் வாங்கிய சொல்லில் நாம் வளர்த்த கிளை.

அதனால் குறிப்புகளில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அம்மியில் அரைக்கிற பழைய குறிப்பாக இருந்தால், எழுதியவர் ‘மைய’ என்றோ ‘விழுதாக’ என்றோதான் எழுதியிருப்பார், அதைத் தொடுவதில்லை. மிக்ஸியில் அரைக்கச் சொல்லி ‘நைஸாக’ என்று எழுதியிருந்தால் அதையும் தொடுவதில்லை. சமைக்கிற பெண்கள் வாயில் என்ன இருக்கிறதோ அது பக்கத்திலும் இருக்கட்டும்.

நீங்கள் தொடங்க ஒரு சொல் வேண்டுமென்றால், அசட்டுத்தனத்தைக் குறிக்கும் சில்லி என்ற ஆங்கிலச் சொல்லை எடுக்கலாம். நைஸ் ஏறிய படியில் அது இறங்கியிருக்கிறது, பழைய ஆங்கிலத்தில் பேறு பெற்றவன் என்று தொடங்கி அப்பாவி, பாவம் என்று வந்து அசடு வரைக்கும். அண்ணன் மகள் அதை எடுக்கவில்லை. கல்லூரி திறந்து போகிற அன்று காலையில் வெட்டிய சீட்டுகளில் ஒரு கட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பேருந்திலிருந்தே படம் எடுத்து அனுப்பினாள், இரண்டு சீட்டு. ஒன்றில், ‘நூலகத்தில் ஃபைன் கட்டினேன்.’ இன்னொன்றில், ‘ஹவ் ஆர் யூ? ஐ ஆம் ஃபைன்.’ கீழே, “அத்தை, அபராதமும் நலமும் ஒரே சொல்லா?”

ஒரே சொல்தான். லத்தீனில் முடிவைக் குறிக்கும் ‘ஃபீனிஸ்’. வழக்கை முடித்துக்கொள்ளக் கொடுத்த தொகை ஒரு பக்கம் போனது, முடிவு வரைக்கும் மெருகேறி முழுமையானது இன்னொரு பக்கம் போனது. நான் இதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. மூன்றாவது சீட்டு வரட்டும் என்று காத்திருக்கிறேன்.